தாண் தாண்டிய கதை

என் வீட்டு முகவரி ‘48300 ரவாங்’ என்று முடியும். வீடு ரவாங்கில் இல்லை, புக்கிட் செந்தோசாவில் இருக்கிறது. ரவாங் டவுன் கோம்பாக் மாவட்டம், செலாயாங் நகராண்மைக் கழகத்தின் ஆளுகை. புக்கிட் செந்தோசா உலு சிலாங்கூர் மாவட்டம். தபாலுக்கு மட்டும் நாங்கள் ரவாங். மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் மூன்று வேனில் வந்து, ரவாங் ரயில் நிலையத்தை நாலு சுற்று சுற்றி, தட்டில் இருந்த லட்டெல்லாம் உதிர்ந்த பிறகு போன் போட்டார்கள். “பத்திரிகையில ரவாங்னுதானே போட்டிருக்கீங்க?” “ஆமாங்க சம்பந்தி, ரவாங்தான். ஆனா ரவாங் இல்லை.”

இன்னும் மூவாயிரம் வருஷம் கழித்து யாராவது ஆராய்ச்சியாளர் அந்தப் பத்திரிகையையும் என் வீட்டு வரி ரசீதையும் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று முரண், ஆகையால் இந்தக் குடும்பமே கட்டுக்கதை என்று முடிவு கட்டிவிடுவார். பாவம், இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரத்தாருக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான்.

இந்த ஞானம் எனக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. ரவாங்கை ஒட்டிய ஒரு கித்தாத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். விடியற்காலை இருட்டில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிட்டு, செக்ரோலில் குறி போட்டே ஆயுசைக் கழித்தவர். ஓய்வு பெற்றதும் வேதாகமத்தைக் கையில் எடுத்தார். பக்தியோடு அல்ல, கணக்குத் தணிக்கைக்காரர் போல. மற்றவர்கள் சங்கீதத்துக்கும் மலைப்பிரசங்கத்துக்கும் கீழே சிவப்புக் கோடு போடுவார்கள். அவர் யோசுவா 13ஆம் அதிகாரத்திலிருந்து 21 வரை கோடு போட்டு வைத்திருந்தார். எந்தப் போதகரும் பிரசங்கத்துக்கு எடுக்காத பகுதி அது. ஊர்ப்பேர், ஓடை, மேடு, மறுபடி ஊர்ப்பேர்.

“டேய், இது லேண்ட் ஆபீஸ் பைலுடா. ஒரே இடத்துக்கு மூணு பேருக்கு கிராண்டு கொடுத்திருக்கான்.”

எனக்கும் அந்தச் சந்தேகம் சின்ன வயதிலேயே வந்ததுண்டு. ஞாயிறு பள்ளியில் ‘கோத்திரங்களின் தேசம்’ என்று வெறும் கோட்டுப் படம் கொடுத்து, பன்னிரண்டு கலர் பென்சிலால் தீட்டச் சொன்னார்கள். தாண் கோத்திரத்துக்கு நான் ஆரஞ்சு எடுத்தேன். கீழே கடலோரத்தில் ஒரு துண்டு ஆரஞ்சு. மேலே எர்மோன் மலையடிவாரத்தில் இன்னொரு துண்டு ஆரஞ்சு. டீச்சர் வந்து பார்த்து, “ஒரு கோத்திரத்துக்கு ஒரு இடம்தான், ரப்பரால அழி” என்றார். எதை அழிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. இரண்டையும் அழித்தேன். நூறு வருஷத்தில் ஆராய்ச்சியாளர்கள் செய்து முடித்ததும் ஏறக்குறைய அதுதான்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பாதி கோத்திரங்கள் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன. ஏழு கோத்திரம் சீலோவில் கூடாரம் போட்டு, கொடுக்கும்போது கொடுக்கட்டும் என்று காத்துக் கிடந்தன. யோசுவாவுக்கே பொறுமை போய்விட்டது. கோத்திரத்துக்கு மூன்று ஆளாக அனுப்பி, தேசத்தை நடந்து அளந்து, ஏழு பங்காக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பிறகு குலுக்கல். மலிவு விலை வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கும் மண்டபத்தில் என்ன முகங்கள் இருக்குமோ அதே முகங்கள் அங்கேயும் இருந்திருக்க வேண்டும். முதல் சீட்டு பென்யமீனுக்கு. ஏழாவது, கடைசிச் சீட்டு தாணுக்கு.

இதில் வேடிக்கையைப் பாருங்கள். எண்ணாகமத்தின் இரண்டாம் கணக்கெடுப்பில் யூதா 76,500 பேர். அதற்கு அடுத்த பெரிய கோத்திரம் தாண், 64,400 பேர். அத்தனை பேருக்கும் மூதாதை தாணின் ஒரே மகன். பென்யமீனுக்குப் பத்துப் பிள்ளைகள் என்று ஆதியாகமம் சொல்கிறது, கோத்திரமோ 45,600தான். ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு தாண் எப்படி இவ்வளவு பெருகினார் என்ற விவரத்துக்குள் நாம் போக வேண்டாம். இவ்வளவு ஜனத்துக்குக் கிடைத்தது எதுவென்றால், யோப்பா பக்கமாக ஒரு கைக்குட்டை நிலம். அதிலும் சோரா, எஸ்தாவோல், எக்ரோன் மூன்றும் ஏற்கெனவே யூதாவின் பட்டியலில் இருக்கின்றன. யோசுவா 15இல் யூதாவுக்கு, 19இல் தாணுக்கு. எக்ரோனில் பெலிஸ்தர் வாடகையும் கொடுக்காமல் குடியிருந்தார்கள்.

ஆயலோன் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுப்படி தாணுக்கு. நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில் அங்கே எமோரியர் அசையாமல் இருக்கிறார்கள். லேவியருக்கு ஊர் ஒதுக்கும்போது யோசுவா அதைத் தாணின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அதே ஒதுக்கீட்டை நாளாகமம் எப்பிராயீமின் பங்கிலிருந்து எடுத்ததாக எழுதுகிறது. இரண்டு அதிகாரம் தள்ளினால் அங்கே பென்யமீன் குடும்பங்கள் வாழ்கின்றன. யோசுவாவின் வேண்டுதலில் சந்திரன் அசையாமல் நின்ற பள்ளத்தாக்கு இந்த ஆயலோன்தான். பட்டா யார் பேரில் என்று தெரிந்துகொண்டு போகலாம் என்று நின்றிருக்கும்.

தாண் என்ன செய்யும்? எமோரியர் அவர்களைப் பள்ளத்தாக்குப் பக்கமே இறங்கவிடாமல் மலைக்குத் தள்ளிவிட்டார்கள். தோட்டத்தைத் துண்டாடி விற்ற காலத்தில் நம்மவர்களுக்கு துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, சல்லி சல்லியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்க வழி செய்தார். தாணுக்கு அப்படி ஒரு சம்பந்தன் வாய்க்கவில்லை. ஐந்து பேரை வேவு பார்க்க அனுப்பினார்கள். அவர்கள் வடக்கே போய் லாயீஸ் என்ற ஊரைக் கண்டு வந்தார்கள். ஜனங்கள் சாதுக்கள், வம்புக்குப் போகாதவர்கள், உதவிக்கு வர அக்கம்பக்கத்தில் யாரும் கிடையாது. இந்த மூன்று தகுதியும் இருந்தால் எந்தக் காலத்திலும் நிலம் போய்விடும். அறுநூறு பேர் ஆயுதத்தோடு கிளம்பினார்கள். ரவாங்கிலிருந்து ஈப்போ போகிற தூரம் இருக்கும்.

வழியில் எப்பிராயீம் மலையில் மீகா என்பவனின் வீடு. தாயிடமிருந்து ஆயிரத்து நூறு வெள்ளிக்காசைத் திருடி, அவள் சாபம் போட்டதும் பயந்து திருப்பிக் கொடுத்தவன். அந்தம்மா பூரித்துப்போய் அதில் இருநூறில் ஒரு சிலை செய்துவைத்தாள். மீதித் தொள்ளாயிரம் என்ன ஆனது என்று பெரியப்பா ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். சிலைக்குப் பூசை செய்ய ஒரு லேவியன். வருஷத்துக்குப் பத்து வெள்ளிக்காசு, துணிமணி, சாப்பாடு. இவனை அறிமுகப்படுத்தும் வசனமே இவன் யூதா வம்சத்தான் என்றும் லேவியன் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஆளே இரண்டு கோத்திரம் என்றால் ஊரைப் பற்றி என்ன பேசுவது? தாண் ஆட்கள் சிலையைத் தூக்கினார்கள். பூசாரியிடம், ஒரு வீட்டுக்குப் பூசை செய்கிறாயா, ஒரு கோத்திரத்துக்கே செய்கிறாயா என்று கேட்டார்கள். பதவி உயர்வு. அவன் சிலையோடு தானும் நடந்தான். மீகா அழுதுகொண்டு பின்னால் ஓடிவர, எங்கள் கூட்டத்தில் கோபக்காரர்கள் இருக்கிறார்கள், சத்தம் போடாமல் வீட்டுக்குப் போ என்று அனுப்பினார்கள். இந்த வசனத்தை நான் டோல் சாவடிக்குப் பக்கத்தில் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

அந்தப் பூசாரி மோசேயின் வம்சம் என்று கதை முடிவில் தெரிய வருகிறது. மோசேயின் பேரன் சிலைக்கு மணியாட்டினான் என்றால் பெரியவருக்கு மரியாதைக் குறைவு. அதனால் எபிரேய ஏட்டை எழுதியவர்கள் மோசே என்ற பேருக்கு நடுவே ஒரு ‘ந’கர எழுத்தைச் செருகி மனாசே ஆக்கினார்கள். ஆனாலும் மனசாட்சி உறுத்த, அந்த எழுத்தை மட்டும் வரிக்கு மேலே தொங்கவிட்டார்கள். செக்ரோலில் திருத்தம் செய்தால் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பெரியப்பாவின் விதி. அவருக்கு இந்தத் தொங்கும் எழுத்து ரொம்பப் பிடித்துவிட்டது.

லாயீஸை எரித்து, திரும்பக் கட்டி, தாண் என்று பேர் வைத்தார்கள். நியாயாதிபதிகளில் லாயீஸ் என்று வருகிற பழைய பேர் யோசுவாவில் லேசேம். அதை விடுங்கள். ஆதியாகமம் 14இல் ஆபிரகாம் தன் 318 ஆட்களோடு எதிரிகளைத் ‘தாண் மட்டும்’ துரத்திப் போகிறார். தாண் ஆபிரகாமின் கொள்ளுப்பேரன். அப்போது அவனுடைய தாத்தாவே பிறக்கவில்லை. 1025இல் கடாரத்தின் மேல் படையெடுத்த ராஜேந்திர சோழன் பட்டர்வொர்த்தில் வந்து இறங்கினான் என்று எழுதினால் எப்படி? படிக்கிறவனுக்கு இடம் புரிய வேண்டும், அவ்வளவுதான் எழுதினவன் கவலை. தொல்லியலாளர் அவ்ரஹாம் பிரான் 1966 முதல் அங்கே தோண்டியபோது ஆபிரகாம் காலம் என்று சொல்லத்தக்க பழைய செங்கல் வாசல் ஒன்று வளைவோடு முழுசாகக் கிடைத்தது. சுற்றுலாக்காரர்கள் அதை ‘ஆபிரகாம் வாசல்’ என்கிறார்கள். பேர்ப்பலகை மட்டும் கிடைக்கவில்லை.

போன வழியில் தங்கின இடத்துக்குத் ‘தாணின் பாளையம்’ என்று பேர் ஒட்டிக்கொண்டது. அது கீரியாத்யாரீமுக்குப் பின்னால் என்று ஓர் அதிகாரம் சொல்கிறது. சிம்சோன் கதையில் அதே பாளையம் சோராவுக்கும் எஸ்தாவோலுக்கும் நடுவே இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் இதற்கு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பண்டார் உத்தாமாவின் கான்கிரீட்டுக்கு நடுவே எஃபிங்ஹாம் தோட்டத் தமிழ்ப்பள்ளி நிற்கிறதே, அங்கே போய் தோட்டம் எங்கே என்று கேட்கட்டும். நாம் கூடாரத்தைப் பிடுங்கினாலும் பேரைப் பிடுங்குவதில்லை.

சிமியோன் கதை வேறு மாதிரி. அவர்கள் எங்கேயும் போகவில்லை, கரைந்தார்கள். முதல் கணக்கில் 59,300, இரண்டாவதில் 22,200. நடுவில் என்ன நடந்தது என்று எண்ணாகமம் வாய் திறக்கவில்லை. யூதாவுக்குக் கொடுத்தது அதிகப்படி என்று, அதன் நிலத்துக்குள்ளேயே சிமியோனுக்கு இடம் ஒதுக்கினார்கள். தம்பி வீட்டு வரவேற்பறையில் அண்ணனுக்குப் பாய். அதனால் பெயெர்செபாவும் சிக்லாகும் இரண்டு பட்டியலிலும் உண்டு. சிக்லாகை யூதாவுக்கும் கொடுத்து, சிமியோனுக்கும் கொடுத்து, கடைசியில் காத் பட்டணத்துப் பெலிஸ்த ராஜா தாவீதுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறான். இல்லாத பொருளைத் தானம் கொடுப்பதில் எல்லாருக்கும் தாராளம். யூதாவின் தெற்கத்தி ஊர்கள் மொத்தம் 29 என்று பட்டியலின் அடியில் கூட்டல் போட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் முப்பத்தைந்தைத் தாண்டும். “இந்தக் கணக்கோட என் டேபிளுக்கு வந்திருந்தா, பெரிய துரை கிட்டே போறதுக்கு முன்னாடி நானே சீட்டைக் கிழிச்சிருப்பேன்” என்பார் பெரியப்பா.

பிறகு ராஜ்யம் இரண்டாகப் பிளக்கிறது. அகியா தீர்க்கதரிசி புதுச் சால்வையைப் பன்னிரண்டாகக் கிழித்து, பத்தை யெரொபெயாமிடம் கொடுத்து, ஒன்று தாவீதின் வீட்டுக்கு என்கிறார். பன்னிரண்டில் பத்து போனால் ஒன்று. வடக்கே பத்து கோத்திரம் தேற வேண்டுமானால் சிமியோனை அங்கே கணக்கில் சேர்த்தாக வேண்டும். அவர்களோ யூதாவின் தெற்குக் கோடியில், பாலைவன ஓரத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். நாளாகமம் கூச்சமே இல்லாமல் சிமியோனை எப்பிராயீம், மனாசேயோடு சேர்த்து எழுதிவிட்டது. ஆள் தெற்கே, வாக்கு வடக்கே. இதில் அதிசயப்பட நமக்கு என்ன இருக்கிறது? தாமானுக்குக் குடிவந்து இருபது வருஷம் ஆன பிறகும் பழைய தோட்டத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய் ஓட்டுப் போடுகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே ஏழெட்டுப் பேர்.

எருசலேம் இருக்கிறதே, அது தனி ரகம். எபூசியரை யூதாவால் துரத்த முடியவில்லை, ஆகையால் அவர்கள் இந்நாள்மட்டும் யூதாவோடு இருக்கிறார்கள் என்று யோசுவா புத்தகம். பென்யமீன் துரத்தவில்லை, ஆகையால் இந்நாள்மட்டும் பென்யமீனோடு இருக்கிறார்கள் என்று நியாயாதிபதிகள். அதே அதிகாரத்தில் பதின்மூன்று வசனம் முன்னால் யூதா அந்த ஊரைப் பிடித்துக் கொளுத்தியே விட்டது. ‘இந்நாள்மட்டும்’ என்றால் எந்த நாள்? சீனன் மளிகைக் கடையில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று ஒரு பலகை தொங்கும். என்றைக்குப் போனாலும் அது இன்றுதான். எல்லைக் கோடு எருசலேமின் தெற்குச் சரிவில் ஓடுவதால் ஊர் பென்யமீனுக்கு, வயலும் வாய்க்காலும் யூதாவுக்கு என்று சமாளிக்கலாம். தல்மூத்து ரபிகள் இன்னும் நுணுக்கம். ஆலயத்தின் முற்றம் யூதாவின் பங்கு, மகா பரிசுத்த ஸ்தலம் பென்யமீனின் பங்கு, நடுவில் யூதாவிலிருந்து ஒரு நாக்கு நீண்டு பென்யமீனுக்குள் போகிறது, அதன் மேல் பலிபீடம் என்று அங்குலக் கணக்கில் பிரித்தார்கள். இடித்த கோயிலுக்கு அளவு எடுப்பது எப்போதுமே சுலபம்.

இந்த விஷயத்தில் சிலாங்கூர்க்காரன் சிரிக்கக் கூடாது. என் பெரியம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் செந்தூல், சிலாங்கூர். அவர் கடைசி மகன் பிறந்ததும் அதே செந்தூல்தான். அவன் பத்திரத்தில் கூட்டரசுப் பிரதேசம். அம்மா ஒரு மாநிலம், மகன் ஒரு பிரதேசம், தொட்டில் கட்டின உத்திரம் ஒன்று. 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூரைக் கூட்டரசுக்குக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட சுல்தான் கண் கலங்கினார் என்று சொல்வார்கள். அதன் நினைவாகக் கூட்டரசு நெடுஞ்சாலையில் எல்லை வளைவு ஒன்று எழுந்தது. தலைநகரை இழந்த சிலாங்கூர் 1978இல் ஷா ஆலமுக்கு மாறியது. கோம்பாக் என்று ஒரு மாவட்டமே அந்தப் பிரிவினையில்தான் பிறந்தது. 1973 பைலையும் 1975 பைலையும் ஒரே நூலில் கட்டி அலமாரியில் வைத்துவிட்டால், கோலாலம்பூர் எருசலேம் ஆகிவிடும்.

யோர்தானுக்குக் கிழக்கே போனால் தமிழனுக்கென்று தனியாக ஒரு தலைவலி உண்டு. நம் வேதாகமத்தில் காத் என்பது ஒரு கோத்திரம். கோலியாத்தின் பெலிஸ்தப் பட்டணமும் காத். மூல மொழியில் இரண்டும் வேறு வேறு எழுத்து. தமிழுக்கு வந்து ஒட்டிப் பிறந்துவிட்டன. எப்பிராயீமின் பிள்ளைகள் மாடு பிடிக்கப் போய்க் காத் மனிதரிடம் உயிரை விட்டார்கள் என்று படித்ததும், சொந்தப் பெரியப்பன் மக்களே வெட்டிவிட்டார்கள் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். (அந்த மாட்டுத் திருட்டு நடக்கும்போது எப்பிராயீம் குடும்பம் எகிப்தில் இருந்திருக்க வேண்டும். மாடோ காத் ஊர் மாடு. விடுங்கள்.)

காத் கோத்திரமும் ரூபனும் சேர்ந்தே மோசேயிடம் போய், எங்களுக்கு ஆடு மாடு ஜாஸ்தி, மேய்ச்சல் இங்கேயே நன்றாக இருக்கிறது, ஆற்றைத் தாண்ட வேண்டாம் என்று கேட்டு வாங்கினவர்கள். எண்ணாகமத்தில் தீபோன், அதரோத், ஆரோவேர் மூன்றையும் கட்டியது காத். யோசுவாவில் தீபோனும் ஆரோவேரும் ரூபனுக்கு. எஸ்போனைக் கட்டியது ரூபன், அதை லேவியருக்குக் கொடுக்கும்போது காத்தின் கணக்கில் வருகிறது. இதற்கு ஒரு சாட்சி எதிர்க்கட்சியிலிருந்தே வந்தது. 1868இல் இன்றைய ஜோர்டானின் தீபான் ஊரில் மோவாப் ராஜா மேசா வெட்டிவைத்த கருங்கல் கிடைத்தது. கிறிஸ்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டு. காத் மனிதர் ஆதியிலிருந்தே அதரோத்தில் வாழ்ந்தார்கள் என்று அதில் மேசா ஒப்புக்கொள்கிறான், தான் அவர்களைக் கொன்று தீர்த்ததைச் சொல்லும் சாக்கில். தன்னைத் தீபோன்காரன் என்கிறான். ரூபனைப் பற்றி மூச்சே இல்லை. மூத்த பிள்ளை எல்லாப் பத்திரத்திலும் முதல் பேர், இடத்தில் மட்டும் ஆள் இல்லை. மூத்த பிள்ளைகள் பலருக்கு இது புரியும்.

யோசேப்பின் வீட்டார் யோசுவாவிடம் போய், நாங்கள் இவ்வளவு ஜனம், ஒரே பங்குதானா என்று முறையிட்ட இடம் பெரியப்பாவுக்கு உயிர். யோசுவாவே எப்பிராயீம் கோத்திரம். சொந்தக்காரன் மேலே உட்கார்ந்திருக்கிறான், ஏதாவது செய்வான் என்றுதான் வந்தார்கள். ஜனம் அதிகம் என்றால் போய்க் காட்டை வெட்டிக்கொள் என்றார் அவர். பெரியப்பா இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். அவருடைய அப்பாவைக் கப்பலேற்றிக் கூட்டிவந்த கங்காணியும் சொந்தக்காரர்தான். காட்டை வெட்டிய பிறகு அது யாருக்கு என்பதில் மட்டும் யோசுவா நேர்மையானவர். வெட்டினவனுக்கே என்றார்.

ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் ஆல்ட் 1925இல் ஒரு கட்டுரை எழுதினார். யோசுவாவில் இருக்கும் யூதாவின் ஊர்ப்பட்டியல் யோசுவா காலத்தது அல்ல, பல நூற்றாண்டு தள்ளி யோசியா ராஜாவின் நிர்வாகக் கோப்பிலிருந்து வந்தது என்பது அவர் வாதம். எல்லைக் குறிப்பு ஒரு காலம், ஊர்ப்பட்டியல் இன்னொரு காலம், இரண்டும் ஒரே கட்டில். அதற்குப் பிறகு வந்தவர்கள் தேதியை முன்னும் பின்னும் இழுத்துச் சண்டை போட்டாலும், பைல் கலந்துபோனது என்பதில் பெரிய தகராறு இல்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். “இதுக்கு ஜெர்மனியில இருந்து ஆள் வரணுமா? பழைய கிராணி போவான், புதுக் கிராணி வருவான், பழைய பக்கத்தைக் கிழிக்க மாட்டான். கிழிச்சா கேள்வி வரும். பின்னாடி சேர்த்துத் தைச்சிருவான்.”

சிக்கலை ஒரேயடியாகத் தீர்க்க முயன்றவர் எசேக்கியேல். பாபிலோன் சிறையிருப்பின் இருபத்தைந்தாம் வருஷம், தேசத்தில் கோத்திரமும் இல்லை, கோயிலும் இல்லை. இதைவிடத் தோதான நேரம் வீடமைப்புத் திட்டத்துக்கு வாய்க்காது. மேற்கே கடலிலிருந்து கிழக்கு எல்லை வரை நேர்கோட்டுப் பட்டைகள், வடக்கிலிருந்து தெற்காகப் பன்னிரண்டு, எல்லாருக்கும் சம பங்கு. மலை, பள்ளம், ஆறு எதுவும் குறுக்கே வரவில்லை. தாமானில் வரிசை வீடு போட்ட மாதிரி. கிழக்குக் கரையில் மாடு மேய்த்த ரூபனையும் காத்தையும் ஆற்றுக்கு மேற்கே தூக்கி வைத்துவிட்டார். யூதாவைப் பென்யமீனுக்கு வடக்கே போட்டார். மூலை வீடு, வடகோடி, தாணுக்கு. விளம்பரத் தாள் அழகாகத்தான் இருந்தது. கட்டத்தான் யாரும் வரவில்லை.

கடைசிப் பெரட்டு, வெளிப்படுத்தின விசேஷம் ஏழாம் அதிகாரம். கோத்திரத்துக்குப் பன்னிரண்டாயிரம், மொத்தம் 1,44,000 பேருக்கு முத்திரை. யோவான் பேர் கூப்பிடுகிறார். நிலமே இல்லாத லேவி இருக்கிறான். யோசேப்பும் இருக்கிறான், அவன் மகன் மனாசேயும் தனியாக இருக்கிறான். கரைந்துபோன சிமியோன்கூட இருக்கிறான். தாணைக் காணோம்.

பெரியப்பா அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். செக்ரோலில் பேர் விட்டுப்போனால் அன்றைய சம்பளம் இல்லை. ஆபீசுக்குப் போய்க் கிராணியிடம்தான் முறையிட வேண்டும். “ஆனா இந்தக் கிராணி பத்மு தீவுலல்ல இருக்காரு பெரியப்பா” என்றேன். “அதுக்கென்ன,” என்றார், நியாயாதிபதிகள் ஐந்தாம் அதிகாரத்தைப் புரட்டி. சிசெராவோடு யுத்தம் நடந்தபோது சண்டைக்கு வராத கோத்திரங்களைத் தெபொராள் பாட்டில் வைத்துத் திட்டுகிற இடம். “தாண் எங்கே இருந்தான்னு பாரு. கப்பல்ல.”